நாய்க்குட்டிக்கு வீடு வேண்டும்!

கோவையில் பல கைகள் சேர்ந்து நடத்தும் தேடல்

ஞாயிற்றுக்கிழமை காலை. பால் வாங்கப் போன ஒருவர், தெரு முனையில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியைப் பார்க்கிறார். பெட்டி அசைகிறது!

எட்டிப் பார்த்தால், உள்ளே நான்கு நாய்க்குட்டிகள். கண் திறந்து ஒரு வாரம்தான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துக் குளிரில் நடுங்குகின்றன. ஒன்று ஆண் குட்டி. மற்ற மூன்றும் பெட்டை.

சிறிது நேரத்தில் கூட்டம் கூடிவிடுகிறது.

"அடப் பாவமே! தாயை விட்டுப் பிரிச்சுக் கொண்டாந்து போட்டுட்டாங்களே!" என்கிறார் ஒரு பாட்டி.

"நாங்க வாடகை வீட்டுல இருக்கறமுங்க. வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு" என்கிறார் ஓர் அம்மாள்.

"எங்க வீட்டுல ரெண்டு பேருமே வேலைக்குப் போயிடறமுங்க" என்கிறார் ஒரு வாலிபர்.

ஒரு சிறுவன் தாயின் கையைப் பிடித்து இழுக்கிறான். "அம்மா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம்மா!"

"சும்மா இரு கண்ணு. அப்பா வைவாரு!"

மத்தியானத்துக்குள் ஆண் குட்டி மட்டும் போய்விட்டது. காவலுக்கு ஆகும் என்று ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். பெட்டைக் குட்டிகள் மூன்றும் பெட்டியிலேயே கிடக்கின்றன.

இது ஏதோ ஒரு தெருவின் கதை அல்ல. பீளமேட்டிலும் நடக்கும், சரவணம்பட்டியிலும் நடக்கும், திருப்பூரிலும் ஈரோட்டிலும் நடக்கும். அங்கே கூடியவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் இரக்கம் இருந்தது. ஆனால் இரக்கம் மட்டும் இருந்தால் குட்டிக்கு வீடு கிடைத்துவிடுமா?

கிடைக்காது. அதற்கு ஒரு வழிமுறை வேண்டும். பல பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வழிமுறையைத்தான் கோவை கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு வருகிறது.

தோட்டத்துச் சாளையில்...

கொங்கு நாட்டுக்கு நாய் புதிது அல்ல. தோட்டத்துச் சாளை என்றால் வாசலில் ஒரு நாய் இருக்கும். ஆட்டுப்பட்டி என்றால் அதற்குக் காவலாக ஒரு பட்டி நாய் இருக்கும். இரவில் தோட்டத்துக்குள் யார் காலடி வைத்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான்.

அந்த நாய் குட்டி போடப் போகிறது என்றால், செய்தி அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரவிவிடும். "எங்களுக்கு ஒரு குட்டி எடுத்து வையுங்க" என்று பங்காளி சொல்லி வைப்பார். மச்சான் வீட்டிலிருந்தும் சொல்லி அனுப்புவார்கள். அப்புச்சி வீட்டுக்குப் போன பேரன், திரும்பும்போது மஞ்சள் பையில் ஒரு குட்டியோடு வருவான்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் பலர் கூடிச் செய்த காரியம்தான். உறவும் அக்கம்பக்கமும் சேர்ந்து குட்டிகளுக்கு வீடு பார்த்தன. ஆனால் அங்கேயும் ஒரு குறை இருந்தது. சொல்லி வைப்பவர்கள் எல்லோரும் ஆண் குட்டியைத்தான் கேட்டார்கள். பெட்டைக் குட்டி பல சமயம் சந்தை ஓரத்துக்கோ ஊர் எல்லைக்கோ போய்ச் சேர்ந்தது.

நகரத்தில் என்ன தடை?

நகரம் வளர்ந்தது. ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. தோட்டங்கள் மனைகளாயின. வீட்டின் மேல் வீடாக அடுக்குமாடிகள் எழுந்தன. பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயரே தெரியாத வாழ்க்கை வந்தது. பிறகு குட்டி வேண்டும் என்று யார் யாரிடம் சொல்லி வைப்பது?

வாடகை வீட்டுக்காரரின் சம்மதம் ஒரு தடை. அடுக்குமாடிச் சங்கங்களின் கட்டுப்பாடு இன்னொரு தடை. "இங்கே நாய் வளர்க்கக் கூடாது" என்று பலகை எழுதி வைத்த குடியிருப்புகள் உண்டு. வீட்டு நாய் வளர்ப்பதை அப்படி அடியோடு தடை செய்யச் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-ம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. சட்டம் துணை நிற்கலாம். ஆனால் பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம் இல்லாமல் இருந்தால்தான் நாயும் நிம்மதியாக வாழும். நாமும் நிம்மதியாக வாழலாம்!

இன்னொரு வேடிக்கையும் நகரத்தில் உண்டு. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சீமை ஜாதி நாய் வாங்குகிறார்கள். குட்டியாக இருக்கும்போது அது பொம்மை. பெரிதாகி, முடி கொட்டி, வைத்தியச் செலவு வந்தால் பாரம். ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் புறவழிச் சாலையில் இறக்கிவிடுகிறார்கள். தெருவில் பிறந்த நாய்க்காவது தெரு தெரியும். மெத்தையில் வளர்ந்த நாய்க்கு அதுவும் தெரியாது. போகிற வண்டிகளை எல்லாம் எஜமானின் வண்டி என்று நினைத்து ஓடும்!

காப்பகம் போதாதா?

"இதற்கெல்லாம் பிராணிகள் காப்பகம் இருக்கிறதே! அங்கே கொண்டு போய் விட்டால் போகிறது" என்று பலர் நினைக்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். நாயின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஒரு பெட்டை ஓர் ஆண்டில் இரண்டு தடவை கூடக் குட்டி போடலாம். ஒவ்வொரு தடவையும் நான்கு, ஐந்து, ஆறு! 2019-ம் ஆண்டு நடந்த கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தெரு நாய்கள் மட்டும் சுமார் 1 கோடியே 53 லட்சம். இவ்வளவுக்கும் காப்பகம் கட்ட எந்த ஊரால் முடியும்?

அதோடு, தாய்ப்பால் குடிக்கும் குட்டிக்குக் காப்பகம் ஆபத்தான இடமும் கூட. பல நாய்கள் கூடும் இடத்தில் 'பார்வோ' என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய் எளிதில் தொற்றிக்கொள்ளும். தடுப்பூசி போடாத குட்டியை அது இரண்டு மூன்று நாட்களில் கொண்டு போய்விடும்.

ஆகவே, அடிபட்ட நாய்க்கும் நோயாளி நாய்க்கும்தான் காப்பகம். ஆரோக்கியமான குட்டிக்கு ஏற்றது வீடுதான்.

2006-ல் ஒரு தொடக்கம்

அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுக் கோவைக்குத் திரும்பிய தம்பதி, மினி வாசுதேவனும் மது கணேஷும். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைக் கண்டு மனம் பொறுக்காமல் உதவி செய்யத் தொடங்கினார்கள். 2006-ம் ஆண்டு 'ஹியூமேன் அனிமல் சொசைட்டி' என்ற ஸ்தாபனத்தை அமைத்தார்கள்.

அடிபட்ட பிராணிகளுக்கு வைத்தியம் செய்வது மட்டும் போதாது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். கோவை மாநகராட்சியுடன் சேர்ந்து, சீரநாயக்கன்பாளையத்தில் தெரு நாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷனும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடும் பணியை நடத்தினார்கள். இன்னொரு பக்கம், ஆதரவற்ற குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுத்தார்கள்.

இந்தச் சேவைக்காக 2019-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, உலக மகளிர் தினத்தன்று, ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் கையால் மினி வாசுதேவன் 'நாரி சக்தி புரஸ்கார்' விருது பெற்றார்.

கருத்தடையும் வீடு தேடலும் ஏன் சேர்ந்தே நடக்க வேண்டும்? காரணம் எளிது. கருத்தடை இல்லாமல் குட்டிகளுக்கு வீடு தேடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. ஒரு குட்டிக்கு வீடு கிடைப்பதற்குள் ஐந்து குட்டிகள் பிறந்துவிடும்!

ஆளுக்கு ஒரு வேலை

இன்று நகரங்களில் ஒரு குட்டிக்கு வீடு கிடைக்கிறது என்றால், அதன் பின்னால் பல பேருடைய உழைப்பு இருக்கிறது. அவர்களில் பலர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை! செல்போன்தான் அவர்களைச் சேர்த்து வைக்கிறது.

முதல் ஆள், குட்டியைக் கண்டவர். அவர் செய்ய வேண்டிய முதல் காரியம், தாய் நாய் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுவது. இருந்தால் குட்டியைப் பிரிக்கக் கூடாது. எட்டு வாரம் வரை தாயோடு இருந்தால்தான் குட்டிக்கு உடம்பில் சத்தும் வரும், குணமும் படியும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு வந்த நாய் வளர்ப்பு விதிகளும் சொல்கின்றன.

தாய் இல்லை என்றால், அடுத்த ஆள் வருகிறார். அவர்தான் 'தற்காலிக வீடு' கொடுப்பவர். "எனக்கு நிரந்தரமாக வளர்க்க வசதி இல்லை. ஆனால் மூன்று வாரம் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அவர். பழைய துணியை விரித்து, சூட்டுக்கு ஒரு வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து, வேளை தவறாமல் ஊட்டுகிறார். சின்னஞ்சிறு குட்டிகளுக்குப் பசும்பால் பல சமயம் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மருந்துக் கடையில் கிடைக்கும் குட்டிப்பால் மாவைக் கரைத்துக் கொடுக்கிறார்.

மூன்றாவது ஆள், கால்நடை டாக்டர். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பூச்சி மருந்து. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. இத்தகைய குட்டிகளுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் டாக்டர்களும் உண்டு.

நான்காவது ஆள் படம் பிடிப்பவர். குட்டி நன்றாகக் குளித்துத் துவட்டி, வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு படம். அதோடு நாலு வரி: வயது, ஆணா பெட்டையா, தடுப்பூசி விவரம், குணம். வாட்ஸ்அப் வழியாக அது ஊரைச் சுற்றி வருகிறது. அந்தக் காலத்தில் பங்காளியும் மச்சானும் செய்த வேலையை இப்போது இந்தப் படம் செய்கிறது!

ஐந்தாவது ஆள், வீடு பார்க்கப் போகிறவர்.

மாப்பிள்ளை பார்ப்பது போல!

குட்டிக்கு வீடு பார்ப்பது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான். கேட்டவர்களுக்கு எல்லாம் கொடுத்துவிட முடியாது.

"வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் அனுமதி உண்டா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்? நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி வைப்பீர்களா?"

இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சிலர் கோபித்துக்கொள்வதும் உண்டு. "தெரு நாயை எடுத்து வளர்க்கிறேன் என்கிறேன். எனக்கே பரீட்சையா?" என்பார்கள். ஆனால் பரீட்சை அவருக்காக அல்ல. ஒரு தடவை கைவிடப்பட்ட ஜீவன் இன்னொரு தடவை கைவிடப்படக் கூடாது என்பதற்காகத்தான்.

பூனைக்குட்டி என்றால் கேள்வி மாறும். மாடி வீடாக இருந்தால், பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குருவியைத் துரத்திக்கொண்டு மாடியிலிருந்து விழும் பூனைகள் பல!

எல்லாம் சரியாக இருந்தால் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதில் முக்கியமான நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, உரிய வயது வந்ததும் கருத்தடை செய்துவிட வேண்டும். இரண்டு, ஏதோ காரணத்தால் வளர்க்க முடியாமல் போனால், தெருவில் விடக் கூடாது. கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனை, வாழப் போன பெண்ணுக்குத் தாய் வீட்டுக் கதவு திறந்தே இருப்பது போன்றது. அதனால்தான் ஒரு மாதம் கழித்து ஒரு போன் வரும்: "குட்டி எப்படி இருக்கிறது? ஒரு படம் அனுப்புகிறீர்களா?"

சென்னையில் இரண்டு குட்டிகள்

தமிழ்நாட்டில் இந்தப் பணிக்கு வேர் சென்னையில் இருக்கிறது. 1959-ம் ஆண்டு பெருமழையில் தியாகராய நகரின் தெருக்களில் வெள்ளம் ஓடியது. அதில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் காப்பாற்றி வீட்டுக்கு எடுத்து வந்தார். அதுவே புளூ கிராஸ் ஸ்தாபனத்தின் தொடக்கம். தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டு, கருத்தடை செய்யுங்கள் என்று 1964 முதல் அந்த ஸ்தாபனம் வற்புறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக் கைகோத்தது 1996-ம் ஆண்டில். இடையில் 32 வருடங்கள்!

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம் 1994-ம் ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நகர நிர்வாகத்தின் காப்பகமும், தனியார் ஜீவகாருண்ய சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வளர்ப்பதற்கு ஏற்ற நாயோ பூனையோ எதற்காவது நகரக் காப்பகத்தால் வீடு தேட முடியவில்லை என்றால், அதைச் சங்கம் ஏற்றுக்கொண்டு வீடு தேடும் என்பதே ஒப்பந்தம். அதுவரை தனித்தனியாக நடந்த வேலை ஒன்றாகச் சேர்ந்தது. "அது உங்கள் பொறுப்பு" என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவது நின்றது.

பயம் நியாயமானதே

"நாய்க்கு வீடு தேடுகிறீர்கள். கடிபட்ட குழந்தைக்கு என்ன பதில்?" என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அதற்குத் தடுப்பு மருந்து தயாரிக்கவே, நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூரில் 1907-ம் ஆண்டு பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நாய் கடித்தால் காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு தாமதம் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் உதவாது.

2025-ம் ஆண்டு இந்தப் பிரச்சினை சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று ஆகஸ்டு 11-ந் தேதி ஓர் உத்தரவு வந்தது. ஆகஸ்டு 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்த நாயையும் முரட்டு நாயையும் மட்டும் விடக் கூடாது என்றார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவு வந்தது.

ஆகஸ்டு 22-ந் தேதித் தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. தெரு நாயை வளர்க்க விரும்புகிறவர்கள் நகராட்சியிடம் மனுக் கொடுக்கலாம். அந்த நாய்க்கு அடையாளம் இட்டு அவர்களிடம் கொடுப்பார்கள். மறுபடியும் அது தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. இரக்கப்படுகிறவர்களையும் பயப்படுகிறவர்களையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கும் வழி இது. தடுப்பூசி போட்டு ஒரு வீட்டுக்குப் போன நாயால் தெருவுக்குப் பயம் இல்லை!

கைவிடுவது குற்றம்

வளர்த்த பிராணியைக் காரணமின்றிப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வருவதற்காகப் பார்லிமெண்டில் பாடுபட்டவர், நாட்டியக் கலைஞர் ருக்மணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

ஆனால் முதல் தடவை குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான்! அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. வீட்டில் குழந்தைகள் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் நிற்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நாய் வளர்க்க எல்லோராலும் முடியாது. முடியாது என்று சொல்வதில் வெட்கமும் இல்லை. இடமும் நேரமும் இல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு தெருவில் விடுவதைவிட, வாங்காமல் இருப்பதே தர்மம்.

ஆனால் வளர்க்க முடியாதவரும் ஒரு வேலை செய்யலாம். இரண்டு வாரம் தற்காலிக வீடு கொடுக்கலாம். வண்டி வைத்திருப்பவர் டாக்டரிடம் கொண்டு போகலாம். பணம் இருப்பவர் ஒரு தடுப்பூசிச் செலவை ஏற்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளை நாலு வரி எழுதலாம். தோட்டம் வைத்திருப்பவர், தன் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்து வைக்கலாம். அந்த ஒரு காரியத்தால் எத்தனையோ அட்டைப் பெட்டிகள் தெருவுக்கு வராமல் நின்றுவிடும்!

பெட்டைக் குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பெட்டை என்றால் வருஷா வருஷம் குட்டி போடும், வீட்டைச் சுற்றி நாய்க் கூட்டம் சேரும்" என்றுதான் ஒதுக்குகிறார்கள். கருத்தடை செய்துவிட்டால் அந்த இரண்டு தொல்லையும் இல்லை. காவலில் அது ஆண் நாய்க்குக் கொஞ்சமும் சளைத்தது அல்ல.

இனி, தெரு முனையில் இருக்கும் அந்த அட்டைப் பெட்டிக்குத் திரும்புவோம். "வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு" என்ற அம்மாள் ஒரு படம் எடுத்து அனுப்பலாம். வேலைக்குப் போகும் வாலிபர், ஞாயிற்றுக்கிழமைதானே, டாக்டரிடம் கொண்டு போகலாம். பாட்டி மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் தனியாகத்தானே இருக்கிறார்! அந்தச் சிறுவன் தினமும் மாலையில் வந்து பால் ஊட்டலாம்.

ஒருவர் தலையிலும் முழுப் பாரம் விழவில்லை. மூன்று பெட்டைக் குட்டிகளுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது!

அந்தச் சிறுவனின் அப்பா என்ன சொல்வார்? முதலில் வைவார். மூன்றாவது வாரம், "அந்தச் செவலைக் குட்டிக்கு இன்னும் வீடு கிடைக்கலியா?" என்று அவரே கேட்டாலும் கேட்பார்!